கைத்துப்பாக்கித் தோட்டா ரீலோடிங்: ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக விழும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் இலக்குச் சுடுதலில் ஈடுபடுகிறவர்கள் பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை வீசிவிடுவதில்லை. பொறுக்கி எடுத்து, சுத்தம் செய்து, புது ப்ரைமரும் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு மூடி) மருந்தும் (குண்டைத் தள்ளும் வெடிமருந்து) குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்கிக்கொள்கிறார்கள். இதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். புதிதாக இதில் இறங்குகிறவர் கடையில் மருந்து அலமாரிக்கு முன்னால் நிற்கும்போது, எது வேகம் தரும், எது கரி பிடிக்காது, எது விலை குறைவு என்றுதான் பெரும்பாலும் விசாரிக்கிறார். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மருந்து என் அளவைக் கருவியிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக விழுமா?

அந்தத் தேர்வை மட்டுமே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்ற அளவு எதுவும் இதில் இல்லை. அது மருந்துத் தயாரிப்பாளர் அல்லது குண்டுத் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டுமே வர வேண்டும். நண்பர் சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்று எடுக்கக் கூடாது.

தொடங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை; விற்பதற்குச் செய்தால் தேவை. ஆனால் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ‘தோட்டா’ என்ற வரையறைக்குள் ப்ரைமரும் மருந்தும்கூட அடக்கம். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே இருக்கின்றன. ஆகவே ஒரு டப்பா மருந்தை மட்டும் வாங்கி வைத்தாலும் சிக்கல்தான். கிரீன் கார்டு கைக்கு வராத நம்மவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் இதில் கால் வைக்காதீர்கள். மாநிலச் சட்டங்கள் வேறு தனியாக இருக்கின்றன. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

படி 1: கருவி எதை அளக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

அட்டவணை மருந்தை எடையில் சொல்கிறது. அலகு கிரெயின். 7,000 கிரெயின் சேர்ந்தால் 1 பவுண்டு. 1 கிரெயின் என்பது 0.065 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மேசையில் பூட்டியிருக்கும் பவுடர் மெஷர் எடையை அறியாது. அதற்குள் ஒரு குழி இருக்கிறது. மேலே ஹாப்பர் என்ற கொள்கலனிலிருந்து மருந்து அந்தக் குழியில் இறங்கி நிரம்பும், கைப்பிடியை அசைத்தால் விளிம்போடு வழிக்கப்பட்டுக் கீழே கூட்டுக்குள் விழும். அது அளப்பது கன அளவை மட்டுமே.

ஆகவே குழிக்குள் மருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே நெருக்கத்தில் அடைந்தால்தான் எடையும் ஒன்றாக வரும். ஒரு தடவை நெருக்கமாகவும் மறு தடவை பொலபொலவென்றும் அடைந்தால் எடை மாறிவிடும்.

கைத்துப்பாக்கியில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அளவே சிறியது. பெரிய ரைஃபிள் தோட்டாவில் 45 கிரெயின் போகும் இடத்தில் 0.2 கிரெயின் கூடினால் அரை சதவீதம்கூட இல்லை. 4 கிரெயின் போகும் இடத்தில் அதே 0.2 என்பது 5 சதவீதம். 9 மி.மீ. லூகர் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு). பல மருந்துகளில் அட்டவணையின் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே 1 கிரெயின் இடைவெளிகூட இருக்காது.

படி 2: மருந்தின் மணி எந்த வடிவம் என்று பாருங்கள்

புகையில்லா மருந்து மூன்று வடிவங்களில் வருகிறது: உருண்டை, தகடு, குச்சி. அளவு சீராக விழுவதை வேறெதையும்விட இதுதான் தீர்மானிக்கிறது.

ரவையைப் படியில் கொட்டித் தலைதட்டினால் எத்தனை முறை அளந்தாலும் எடை ஏறக்குறைய ஒன்றாக வரும். கெட்டி அவலை அப்படி அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்கு வரும். உருண்டை மருந்துக்கும் பெருந்தகடு மருந்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

உருண்டை மருந்தை 1933-இல் உருவாக்கியவர் ஃப்ரெட் ஓல்சன்; வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். இந்த வகை மணிகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி ஓடும், குழியின் மூலை முடுக்கெல்லாம் நிரப்பும். அக்யுரேட் நம்பர் 5, நம்பர் 7, ஹாட்ஜ்டன் எச்எஸ்-6, சிஎஃப்இ பிஸ்டல் எல்லாம் இந்தக் குடும்பம். சிலவற்றில் உருண்டையை உருளையில் நசுக்கிச் சற்றுத் தட்டையாக்கியிருப்பார்கள். வின்செஸ்டர் 231 அப்படிப்பட்டது. ஹாட்ஜ்டன் எச்பி-38 என்ற பெயரில் விற்பதும் அதே மருந்துதான். தட்டையானாலும் மணி சிறியது என்பதால் நன்றாகவே ஓடுகிறது.

தகடு மருந்துகள் இவற்றுக்கெல்லாம் மூத்தவை. புல்ஸ்ஐ 1898-இல் வந்தது. யூனிக் அதை ஒட்டி வந்தது. இரண்டும் இன்றும் அலையன்ட் பெயரில் விற்கின்றன, நூறு ஆண்டுகளுக்கு மேல் நல்ல தோட்டாக்களைத் தந்திருக்கின்றன. ஆனால் தகடு என்றால் எல்லாம் ஒன்றல்ல. புல்ஸ்ஐயின் தகடு சிறியது, பரவாயில்லாமல் ஓடும். யூனிக்கின் தகடு பெரியது. பெரிய தகடுகள் இறங்கு குழாயின் வாயில் குறுக்கே சாய்ந்து ஒன்றையொன்று தாங்கிப் பாலம் கட்டிக்கொள்ளும். அப்படி அடைத்தால் ஒரு கூட்டுக்குள் பாதி மருந்துதான் விழும். அடுத்த அசைவில் பாலம் உடைந்தால் மிச்சமும் சேர்ந்து அடுத்த கூட்டுக்குள் இறங்கும். ஒரே நொடியில் இரண்டு கெட்ட தோட்டாக்கள். மருந்து குறைந்த தோட்டாவில் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கலாம். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கும். மருந்து கூடிய தோட்டா என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குச்சி வடிவம் ரைஃபிள் மருந்துகளில்தான் அதிகம். கைத்துப்பாக்கிப் பக்கம் பின்லாந்தின் விஹ்டவூரி என்320, என்340 போன்றவை மிகக் குட்டையாக நறுக்கிய மணிகள். அவை சீராக ஓடுகின்றன. விலைதான் கூடுதல்.

மணிகளின் மேல் தெரியும் கருஞ்சாம்பல் மினுமினுப்பு கிராஃபைட் பூச்சு. வழுக்கி ஓடவும், நிலைமின்சாரம் சேராமல் இருக்கவும் அதைப் பூசுகிறார்கள்.

படி 3: உங்கள் தோட்டாவுக்கு அட்டவணையில் இல்லாததை அடித்துவிடுங்கள்

எவ்வளவு அழகாக ஓடினாலும், உங்கள் தோட்டா வகைக்கும் நீங்கள் வைக்கப்போகும் குண்டின் எடைக்கும் வெளியிடப்பட்ட அளவு இல்லையென்றால் அந்த மருந்து உங்களுக்கு இல்லை. எச்110 என்ற மருந்து இதற்கு நல்ல உதாரணம். வின்செஸ்டர் 296-உம் அதுவும் ஒன்றே. மெல்லிய உருண்டை, நீர் போல ஓடும். ஆனால் அது .357 மேக்னம், .44 மேக்னம் போன்ற தோட்டாக்களுக்கான, மெதுவாக எரியும் மருந்து. அட்டவணைக்குக் கீழே அளவைக் குறைக்கவும் கூடாது. நன்றாக ஓடுகிறது என்பதற்காகச் சாதாரண .38 ஸ்பெஷலுக்கு அதைத் தேடுவது தவறான இடத்தில் தேடுவது.

ஒரு தாளில், உங்கள் தோட்டாவுக்கு அளவு உள்ள மருந்துகளை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணியின் வடிவம், தொடக்க அளவு, உச்ச அளவு மூன்றையும் குறியுங்கள். பத்துப் பன்னிரண்டு பெயர் வரும். அடுத்த படியில் அது சுருங்கிவிடும்.

படி 4: கூட்டுக்குள் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று கணக்கிடுங்கள்

என் கருத்தில் புதியவர்களுக்கு மிக அவசியமான படி இதுதான். அளவு சீராக விழும் மருந்தைத் தேடிப் போகிறவர், தேடலின் முடிவில் பெரும்பாலும் மணி சிறியதும் அடர்த்தி கூடியதுமான ஒரு மருந்தில் வந்து நிற்பார். அடர்த்தி கூடியது கூட்டுக்குள் கொஞ்சம் இடத்தையே பிடிக்கும். கொஞ்சம் இடத்தைப் பிடித்தால், தவறுதலாக இரண்டு முறை மருந்து விழுந்தாலும் கூடு வழியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆக, ஒரு பிழையைத் தவிர்க்கப் போய் அதைவிடப் பெரிய பிழைக்கு இடம் கொடுத்துவிடலாம்.

டைட்குரூப் இதற்குத் தெளிவான சான்று. உருண்டை மருந்து, அளவு அருமையாக விழும், குறைந்த அளவே போதும் என்பதால் சிக்கனம். ஆனால் .38 ஸ்பெஷல் கூட்டுக்குள் அது அடியில் ஒரு சிறு படலமாகத்தான் கிடக்கும். .38 ஸ்பெஷல் 1898 வாக்கில், புகை கக்கும் பழைய கரிமருந்துக் காலத்தின் கடைசியில் பிறந்த தோட்டா. நிறைய இடம் பிடிக்கும் கரிமருந்துக்காக வடிவமைத்த நீளக் கூடு அது. அதில் டைட்குரூப்போ புல்ஸ்ஐயோ இரட்டை அளவு விழுந்தால் கூடு பாதிகூட நிரம்பாமல் போகலாம். .45 கோல்ட் இன்னும் மோசம்.

9 மி.மீ. லூகரின் கதை வேறு. அதன் கூடு .38 ஸ்பெஷலில் ஏறக்குறைய பாதிக் கொள்ளளவுதான். இதில் நடுத்தர அடர்த்தியுள்ள மருந்து ஒரு அளவிலேயே பாதிக்கு மேல் நின்றுவிடும். இரண்டு முறை விழுந்தால் விளிம்புவரை வரும் அல்லது வழிந்து கொட்டும். கண் உடனே பிடித்துவிடும்.

ஆகவே தாளில் எழுதிய பட்டியலை இந்த இரண்டு அளவுகோலையும் சேர்த்துப் பாருங்கள்: சீராக ஓட வேண்டும், இரட்டை அளவு விழுந்தால் தெரியவும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். 9 மி.மீ.க்கு முதல் மருந்தாக நான் எச்பி-38 அல்லது வின்செஸ்டர் 231-ஐச் சொல்வேன். சிஎஃப்இ பிஸ்டலும் நல்லதே. .45 ஏசிபிக்கும் எச்பி-38 சரி. .38 ஸ்பெஷலுக்கு அதையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டில் நிறைய இடம் பிடிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் யூனிக்குக்குப் போகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் நிதானமாக, ஒவ்வொரு அளவையும் கவனித்து, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் ஒற்றைப் பிரஸ்ஸில் (தோட்டா செய்யும் நெம்புகோல் கருவி) வேலை செய்கிறவர்கள். ஒரே இழுப்பில் பல வேலைகளைச் சேர்த்துச் செய்யும் வேகமான ப்ரோக்ரஸிவ் பிரஸ்ஸில் பெருந்தகடு மருந்து புதியவருக்கு ஏற்றதல்ல.

படி 5: உங்கள் பவுடர் மெஷரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்

அளவைக் கருவிகள் பல வகை. ஆர்சிபிஎஸ், ரெட்டிங், லைமன் ஆகியவற்றின் மேசைக் கருவிகளில் உருளை சுழலும். டில்லன் பிரஸ்களில் சறுக்குப் பட்டை முன்னும் பின்னும் போகும். லீ நிறுவனம் வட்டத் தட்டில் துளை போட்ட கருவியும், உருளைக் கருவியும் விற்கிறது. கவனிக்க வேண்டியவை இரண்டு.

குழி ஒடுங்கி ஆழமாக இருந்தால் அளவு சீராக வரும். அகன்று ஆழமில்லாமல் இருந்தால் வழிக்கும் பரப்பு கூடிப் பிழையும் கூடும். அதனால்தான் கைத்துப்பாக்கிக்கென்று சிறு உருளையும் சிறு பட்டையும் தனியாக வருகின்றன. உங்கள் அளவு கருவியின் ஆகக் குறைந்த எல்லைக்கு அருகில் போனால், மருந்து எவ்வளவு நல்லதானாலும் ஆட்டம் இருக்கும். சற்றுக் கூடுதல் அளவு கேட்கும் வேறொரு மருந்துக்கு மாறுவது நல்லது.

இரண்டாவது, மிக மெல்லிய உருண்டை மருந்துகள் சில கருவிகளின் இணைப்பு இடுக்கில் நுழைந்து கசியும்; கைப்பிடி நறநறக்கும். மேசையில் மணி சிதறுவதைப் பார்த்தால் மருந்தைக் குறை சொல்லாமல் கருவியைப் பாருங்கள்.

படி 6: 1 பவுண்டு மட்டும் வாங்கிச் சோதியுங்கள்

8 பவுண்டு டப்பா விலையில் மிச்சம் பிடிக்கும். ஆனாலும் உங்கள் கருவியில் ஓடிப் பார்க்காத மருந்தை அந்த அளவில் வாங்காதீர்கள். 1 பவுண்டு டப்பாவில், 4 கிரெயின் வீதம் என்றால், 1,750 தோட்டாக்களுக்கான மருந்து இருக்கிறது. சோதனைக்கு அது தாராளம்.

மேசையில் அந்த ஒரு டப்பாவைத் தவிர வேறு மருந்து இருக்கக் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள், ஏசி காற்று தராசின் மேல் படாமல் பாருங்கள். மின்னணுத் தராசைச் சற்று நேரம் சூடாக விட்டு, சோதனை எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள். ஹாப்பர் புதிய பிளாஸ்டிக் என்றால் நிலைமின்சாரத்தால் மணிகள் சுவரில் ஒட்டும். பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீடுகளில் இது மிக அதிகம். துணி உலர்த்தியில் போட்டு எடுத்த பழைய டிரையர் ஷீட்டால் உள்ளே துடைத்தால் பெருமளவு சரியாகும்.

ஹாப்பரை முக்கால் அளவு நிரப்புங்கள். பாதிக்குக் கீழே இறங்கினால் மேலிருந்து அழுத்தும் எடை குறைந்து அளவும் மாறும். இந்த மாற்றத்தைத் தணிக்க ஹாப்பருக்குள் வைக்கும் பாஃபிள் தகடு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்துப் பதினைந்து அளவுகளை எடை போடாமல் திரும்ப ஹாப்பரிலேயே கொட்டுங்கள். அதற்குள் மருந்து ஒரு நிலைக்குப் படிந்துவிடும். பிறகு கைப்பிடியை ஒரே வேகத்தில், இரு முனைகளிலும் ஒரே மாதிரி தட்டும்படி இயக்கப் பழகுங்கள். மருந்தைவிடக் கையின் தாளம் தவறுவதால்தான் புதியவர்களின் அளவு அதிகம் மாறுகிறது.

இப்போது எடை. முதலில் பத்து அளவுகளை ஒரே தட்டில் சேர்த்துக் கொட்டி எடை பார்த்துப் பத்தால் வகுங்கள். சராசரி தெரியும். சாதாரணத் தராசு 0.1 கிரெயின் வரைதான் காட்டும், அதிலும் 0.1 முன்பின் இருக்கும். பத்தைச் சேர்த்து நிறுத்தால் அந்தப் பிழை பத்தில் ஒன்றாகச் சுருங்கும். ஆனால் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒன்று குறைந்து அடுத்தது கூடியிருந்தால் சராசரி அதை மறைத்துவிடும். எனவே அடுத்து 20 அளவுகளை ஒவ்வொன்றாக எடை போட்டு வரிசையாக எழுதுங்கள். எழுதும்போதே கவனியுங்கள்: குறைந்த எண்ணுக்கு அடுத்ததாகக் கூடிய எண் வருகிறதா? வந்தால் பாலம் கட்டுகிறது என்று பொருள். எண்கள் மெல்ல மெல்ல ஒரே திசையில் நகர்கின்றனவா? அப்படியானால் மருந்து இன்னும் படிந்துகொண்டிருக்கிறது, அல்லது தராசு நகர்கிறது. எடைக்கல்லை மறுபடி வைத்துப் பாருங்கள்.

பிரஸ்ஸின் மேல் பூட்டிய கருவியானால் இந்தச் சோதனையைப் பிரஸ்ஸை முழுதாக இயக்கியே செய்ய வேண்டும். வேலை நடக்கும்போது வரும் அதிர்வு ஹாப்பரிலுள்ள மருந்தை நெருக்கும். கையால் மட்டும் தட்டிப் பார்த்து எடுத்த எண், பிரஸ் ஓடும்போது வரும் எண்ணோடு பொருந்தாமல் போகலாம்.

படி 7: எண்களைப் படித்து முடிவெடுங்கள்

20 எடைகளில் மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் வட்டமிடுங்கள். நல்ல உருண்டை மருந்தில் எல்லாம் சராசரிக்கு 0.1 கிரெயின் முன்பின்னில் அடங்கிவிடும். தகடு மருந்தில் 0.2 வரை போகலாம். 0.3 அல்லது அதற்கு மேல் தாவினால் முதலில் கையின் தாளத்தையும், ஹாப்பரின் மட்டத்தையும், இறங்கு குழாயில் ஈரமோ எண்ணெயோ ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் தாவினால் அந்த மருந்தும் உங்கள் கருவியும் ஒத்துவரவில்லை. வேறு மருந்து பாருங்கள்.

அட்டவணையின் உச்ச எல்லையைச் சராசரியோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் வரிசையில் மிகக் கூடிய எண் அந்த உச்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மிகக் குறைந்த எண் தொடக்க அளவுக்குக் கீழே போகக் கூடாது. உதாரணத்துக்கு, ஒரு மருந்துக்கு 4.0 முதல் 4.4 வரை என்று அட்டவணை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகச் சொல்லும் எண், எந்த மருந்துக்குமான அளவல்ல. அது 0.2 முன்பின் ஆடினால் 4.2 என்ற ஒரே புள்ளியில்தான் நிற்க முடியும், அங்கும் இரண்டு ஓரங்களைத் தொடும். 0.1-க்குள் நின்றால் தாராளமாக இடம் இருக்கிறது. தாளில் எழுதிய தொடக்க, உச்ச அளவுகள் இங்கேதான் பயன்படுகின்றன. இடைவெளி குறுகிய மருந்து என்றால் அது மிக நன்றாக ஓடுவதாக இருந்தால் மட்டுமே எடுங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு

வேலை நடக்கும்போது பத்துப் பதினைந்து தோட்டாவுக்கு ஒரு முறை மருந்தை எடுத்து நிறுத்துப் பாருங்கள். தொலைபேசி வந்தோ குழந்தை கூப்பிட்டோ எழுந்து போனால், திரும்பி வந்து முதல் சில அளவுகளை ஹாப்பரில் கொட்டிவிட்டுத் தொடருங்கள். பாதியில் நின்ற கூட்டைக் கவிழ்த்து மறுபடி நிரப்புங்கள். குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். அருகில் நெருப்பு, சிகரெட் கூடாது.

அன்றைய வேலை முடிந்ததும் ஹாப்பரைக் காலி செய்து மருந்தை அதே டப்பாவில் கொட்டுங்கள். விட்டுவைத்தால் அது எந்த மருந்து என்பதே பிறகு சந்தேகமாகிவிடும். சில மருந்துகள் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். பெயர் தெரியாத மருந்து எதுவானாலும் பயன்படுத்தாதீர்கள். மணியின் வடிவத்தைப் பார்த்து இன்னதென்று ஊகிப்பது உயிரோடு விளையாடுவது. டப்பாவைத் திறந்ததும் புளித்த அமில நெடி வந்தாலோ, செம்பழுப்புத் தூசி தெரிந்தாலோ அந்த மருந்து கெட்டுவிட்டது. அதை அளக்கவே வேண்டாம். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிமுறை என்எஃப்பிஏ 495-இன்படி வீட்டில் 20 பவுண்டு வரை அதன் அசல் டப்பாக்களில் வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை 1 அங்குலத் தடிப்புள்ள மரப்பெட்டி வேண்டும். உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

டப்பா காலியாகி அதே பெயரில் புதிது வாங்கும்போது, டப்பாவில் அச்சிட்ட லாட் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) பாருங்கள். எண் வேறு என்றால் அடர்த்தியும் சற்று வேறாக இருக்கலாம். பழைய குழி அமைப்பிலேயே புது மருந்தின் எடை மாறும். மிச்சமிருக்கும் பழையதோடு கலக்காமல் புதியதைத் தனியே நிரப்பி, அட்டவணையின் தொடக்க அளவுக்குக் கருவியை இறக்கி, பத்தைச் சேர்த்தும் இருபதைத் தனித்தனியாகவும் மறுபடி நிறுத்து எழுதுங்கள்.